வடிவம் மட்டும் போதுமா? பழைய கார்களின் ரப்பர் உறுப்புகளை மாற்றும் வழக்கம்: ஒரு திறனாய்வு

பழைய கார்களைப் பேணிக்காப்பவர்கள் அவற்றின் தகட்டையும் கண்ணாடியையும் தோலையும் பற்றிப் பேசும் அளவுக்கு ரப்பரைப் பற்றிப் பேசுவதில்லை. துருப்பிடித்த தகட்டில் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம், மங்கிய குரோமியத்துக்கு மீண்டும் முலாம் பூசலாம், வறண்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டலாம். இவற்றில் எதைச் செய்தாலும் பழைய பொருளின் பெரும்பகுதி வண்டியிலேயே எஞ்சிநிற்கும். ரப்பருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் ரப்பர் மூப்படைகிறது. மூப்படைந்தபின் அதை முந்தைய நிலைக்குக் கொண்டுவரும் முறை எதுவும் கிடையாது. ஆகவே ஐம்பது, அறுபது ஆண்டு கடந்த வண்டியைச் சாலையில் ஓட்ட விரும்புபவர் அதன் ரப்பர் உறுப்புகளில் பலவற்றை மாற்றியே தீரவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது, எதனால் ஆன உறுப்பைக் கொண்டு மாற்றுவது என்ற கேள்விகளில்தான் கருத்துகள் பிரிகின்றன. வண்டியிலுள்ள ரப்பர் முழுவதையும் ஒரே வீச்சில் கழற்றி எறிந்துவிட்டு, ‘கிட்’ என்ற பெயரில் பெட்டியில் வரும் புதிய உறுப்புகளைப் பொருத்திவிடுவது இன்று பரவலாக உள்ள வழக்கம். அவ்வழக்கத்தில் ஒரு பெரும் நன்மையும், அதே அளவுக்குக் கவனிக்கப்படாத ஒரு பெரும் குறையும் உண்டு.

குறையைப் புரிந்துகொள்ள ரப்பர் எவ்வாறு முதுமை அடைகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டியுள்ளது. மரத்திலிருந்து வடியும் பாலை உறையவைத்துக் கிடைக்கும் இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குகிறது என்பதை 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். நீண்ட சங்கிலிகளாகக் கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தக அணுக்கள் ஆங்காங்கே குறுக்கே பிணைத்துவிடுவதால், இழுத்தால் நீண்டு விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மை நிலைபெறுகிறது. இதுவே வல்கனைசேஷன் எனப்படும் கந்தகமூட்டல். மூப்பு என்பது இந்தப் பிணைப்புகளின் சமநிலை குலைவதுதான். வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து சில சங்கிலிகளை அறுக்கின்றன, வேறு சிலவற்றை மேலும் மேலும் பிணைக்கின்றன. அறுதல் மிகுந்தால் ரப்பர் இளகிக் கையில் ஒட்டும். பிணைதல் மிகுந்தால் மரக்கட்டைபோல் இறுகும். இயற்கை ரப்பரில் முதல் வகையையும், ஸ்டைரீன்–பியூட்டடையீன், நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்களில் இரண்டாம் வகையையும் அதிகம் காணலாம். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் இவ்வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. மூடிய இன்ஜின் அறைக்குள் இருக்கும் ஹோஸ் என்ற குழாய், வண்டிக்கு அடியில் இருக்கும் புஷ் என்ற ரப்பர் உறையைவிட விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது பகை ஓசோன். காற்றில் மிகச் சிறிதளவே இருந்தாலும் அது ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைத் தேடித் தாக்குகிறது. இதில் ஒரு விந்தை உண்டு: இழுவிசைக்கு உட்படாமல் தளர்ந்து கிடக்கும் ரப்பரில் ஓசோன் வெடிப்புகள் தோன்றுவதில்லை, சிறிதளவேனும் நீண்டுநிற்கும் ரப்பரில், இழுவிசைக்குச் செங்குத்தாக வெடிப்புகள் விழுகின்றன. டயரின் பக்கச்சுவரிலும் ஹோஸ் வளையும் முழங்கையிலும் முதலில் கீறல் காண்பதன் இரகசியம் இதுவே. மூன்றாவது பகை எண்ணெய். ஒவ்வொரு ரப்பரும் சில திரவங்களைத் தாங்கும், சிலவற்றை உறிஞ்சி ஊதிவிடும். இயற்கை ரப்பர் விளக்கெண்ணெயைத் தாங்கும், இன்ஜின் ஆயிலைத் தாங்காது. நைட்ரைல் இன்ஜின் ஆயிலைத் தாங்கும், ஓசோனைத் தாங்காது. 1960களில் பரவத் தொடங்கிய இ.பி.டி.எம். என்ற ரப்பர் வெயிலையும் ஓசோனையும் பிரேக் திரவத்தையும் தாங்கும். ஆனால் கனிம எண்ணெய் பட்டால் பொதபொதவென்று வீங்கிவிடும். கறுப்பாகவும் வளைவதாகவும் இருக்கும் ஒவ்வொன்றையும் ‘ரப்பர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் வசதி. கார் அந்த வசதிக்குக் கட்டுப்படுவதில்லை.

இவ்வளவும் சொன்னபின் இதற்கு மாறான ஒரு சான்றையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஃபிளிண்டர்ஸ் வீதி இரயில் மேம்பாலத்தில் 1889ஆம் ஆண்டுவாக்கில் வைக்கப்பட்ட இயற்கை ரப்பர் அணைகளை (தாங்கு திண்டுகளை), ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் ஆராய்ந்தபோது, மேற்பரப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே கெட்டிருந்தது தெரியவந்தது. ஆக்சிஜன் தடித்த ரப்பருக்குள் எளிதில் ஊடுருவுவதில்லை. கெட்டுப்போன மேல்தோலே உள்ளிருப்பதற்குக் கவசமாகிவிடுகிறது. எனவே ‘பத்தாண்டு ஆனால் ரப்பர் செத்தது’ என்று கடைக்காரர் சொல்லும் விதி மெல்லிய உதடு கொண்ட சீலுக்குப் பொருந்தலாம். தடித்த மவுண்டிங்குக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் ‘கிட்’ வழக்கம் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ரப்பரை மாற்றுவது எவ்வளவு ஆழமான தலையீடு என்பதை அறிய 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தப் பத்தடி நீளக் காரில் சக்கரங்களைத் தாங்குவது எஃகுச் சுருள்வில் அன்று. இரு உலோகத் துண்டுகளுக்கு நடுவே ஒட்டப்பட்ட ரப்பர்க் கூம்பு. அதை உருவாக்கிய அலெக்ஸ் மோல்ட்டனின் குடும்பத்துக்கும் ரப்பருக்கும் பழைய உறவு உண்டு: குட்இயரின் கந்தகமூட்டிய ரப்பர் மாதிரிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவரும், 1848இல் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற சிற்றூரில் ரப்பர் ஆலை தொடங்கியவருமான ஸ்டீபன் மோல்ட்டன் அவருடைய கொள்ளுத்தாத்தா. மினி எடை குறைந்த கார். நால்வர் ஏறி அமர்ந்தால் அதன் சுமை பெரும் விகிதத்தில் கூடிவிடும். சுமை ஏறஏறத் தானும் இறுகும் வில்லே அதற்கு வேண்டியிருந்தது. அமுங்க அமுங்க விறைப்பு கூடும் ரப்பர்க் கூம்பு அந்தத் தேவையை மிகக் குறைந்த இடத்தில் நிறைவுசெய்தது. 1964 முதல் சில ஆண்டுகள் திரவத்தால் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக் அமைப்பு மினியில் இடம்பெற்றாலும், பின்னர் நிறுவனம் மீண்டும் கூம்புக்கே திரும்பியது. 2000ஆம் ஆண்டில் உற்பத்தி நிற்கும்வரை அதுவே நீடித்தது.

இந்தக் கூம்பு மூப்படையும் விதம் கவனிக்கத்தக்கது. கூம்பின் சிறு அமுக்கம் நெம்புகோல் அமைப்பின் வழியே பல மடங்காகப் பெருகிச் சக்கரத்தின் ஏற்ற இறக்கமாகிறது. ஆகவே கூம்பு சில மில்லிமீட்டர் நிரந்தரமாகச் சப்பினாலும் வண்டி அதன் பல மடங்கு தாழ்ந்து நிற்கும். தொடர்ந்த சுமையில் ரப்பர் தன் பழைய உயரத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும் இக்குறையை அமுக்கத் தேக்கம் எனலாம். தாழ்வது படிப்படியாக நடப்பதால் உரிமையாளர் அதை உணர்வதில்லை. கூடவே ரப்பர் இறுகுவதால் வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் எலும்பை உலுக்குகிறது. ‘மினி என்றாலே இப்படித்தான்’ என்று அதை அக்காரின் இயல்பாகவே பலர் ஏற்றுக்கொண்டுவிடுகின்றனர். புதிய கூம்பு பொருத்திய பின்னரே வண்டி முதலில் எப்படி ஓடியிருக்கும் என்பது தெரியவருகிறது. பழைய பொருளை அகற்றுவதன் மூலமே பழைய அனுபவம் மீள்கிறது என்ற இந்த முரண்தான் மாற்றும் வழக்கத்துக்குச் சார்பாகச் சொல்லக்கூடிய மிக வலிமையான வாதம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கீறலுடன் நிற்கும் பழைய பெயின்ட் ஒரு சான்று. இறுகிப்போன கூம்பு தவறான சான்று, ஏனெனில் வடிவமைத்தவர் நினைக்காத ஒன்றை அது அவர் பெயரில் சொல்கிறது.

மினிக்குக் கூம்புகளை எடுத்துவிட்டு எஃகுச் சுருள்வில் பொருத்தும் மாற்றுமுறையும் புழக்கத்தில் உள்ளது. சுருள்வில் சப்புவது குறைவு, வெடிப்பதில்லை, ஓட்டமும் மெத்தென்று இருக்கும். நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அது பொருத்தமாகவும் இருக்கலாம். ஆயினும் அக்காரை ஏன் பாதுகாக்கிறார்கள் என்ற கேள்விக்கு உரிய விடைகளுள் ஒன்று அந்தக் கூம்பே என்பதால், பழமையைப் பேணும் பணி என்ற பெயரில் இதைச் செய்வது பொருந்தாது.

நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பழைய வாகனங்களுக்கெனப் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா வகுத்த டுரின் சாசனம், இயன்றவரை குறைந்த தலையீட்டையும் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து வைப்பதையும் வலியுறுத்துகிறது. கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பிறந்த இக்கோட்பாடு ரப்பரின்முன் தடுமாறுவது இயல்பே. கோயில் தூணை ஓட்டிப் பார்க்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

குறைந்த தலையீடு என்ற கொள்கையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களிடமே ரப்பருக்கு ‘வைத்தியம்’ பார்க்கும் முறைகள் செல்வாக்குப் பெற்றுள்ளன. இவற்றுள் பெயர்பெற்றது விண்டர்கிரீன் எண்ணெய். மூட்டுவலித் தைலங்களின் மணத்துக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட்டே இதன் சாரம். இதை ஆல்கஹாலிலோ சைலீனிலோ கலந்து, இறுகிய ரப்பரை அதில் ஊறவைத்தால், சில மணி நேரத்தில் அது வியக்கத்தக்க அளவுக்கு மென்மையாகிறது. தட்டச்சுப் பொறியின் உருளையை மென்மையாக்கவும் இதே முறையைக் கையாண்டவர்கள் உண்டு. ஆனால் நடந்தது என்ன? சிறிய மூலக்கூறுகள் ரப்பர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கி நிற்கின்றன. ரப்பர் ஊதியிருக்கிறது, இளமை திரும்பவில்லை. அறுந்த சங்கிலி சேர்வதில்லை, மிகையான பிணைப்பு அவிழ்வதில்லை. தைலம் ஆவியாகப் போய்விட்டால் பழைய இறுக்கமே மிஞ்சும். சுமை தாங்காத, கதவு இடுக்கில் கிடக்கும் ஓர் அரிய வார்ப்பைக் கிழியாமல் கழற்றி மாட்டுவதற்கு இம்முறை உதவும். பிரேக்கிலோ எரிபொருள் வழியிலோ புஷ்ஷிலோ இதைப் பயன்படுத்துவது கெட்ட உறுப்பை நல்லதுபோல் காட்டும் ஏமாற்று.

நம் பக்கத்து வழக்கங்கள் இதைவிடக் கேடானவை. கதவின் விளிம்பு ரப்பரான பீடிங்கையும் டயரையும் கருமையாக்கத் தேங்காயெண்ணெயோ டீசலோ தடவுவதும், வண்டியின் அடிப்பகுதியில் டீசலையும் பழைய ஆயிலையும் பீய்ச்சி அடிப்பதும் சர்வீஸ் நிலையங்களில் நெடுங்காலம் நற்பணியாகவே கருதப்பட்டன. துருவைத் தடுக்கவும் லீஃப் ஸ்பிரிங்கின் கிறீச்சொலியை அடக்கவும் செய்யப்பட்ட அந்த உபசாரம், அதே ஸ்பிரிங்கின் கண்ணில் இருந்த ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கூழாக்கியது. பல வண்டிகளின் ரப்பரைக் கெடுத்தது வயது என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு இத்தகைய பராமரிப்புக்கு உரியது. சிலிக்கோன் கிரீஸும் கிளிசரினும் பீடிங்குக்கு ஏற்றவை. பிரேக் உறுப்புகளுக்கு விளக்கெண்ணெய் போன்ற தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சிவப்பு ரப்பர் கிரீஸே உரியது. தொடக்ககாலப் பிரேக் திரவமே விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்ததுதான் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

மாற்றுவதன் பெரும் நன்மை உயிர்ப் பாதுகாப்பு. இதில் தயக்கத்துக்கு இடமே இல்லாத உறுப்புகள் சில உள்ளன. பிரேக் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே வீங்கித் துளை அடைபட்டிருக்கலாம். மிதிக்கும் அழுத்தத்தில் திரவம் சக்கரத்துக்குப் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடேறி வண்டி ஒருபுறமாக இழுப்பதைக் கண்டு மெக்கானிக் டிரம்மையும் ஷூவையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, குற்றவாளி இந்த ஒரு முழ ஹோஸாக இருப்பது பட்டறைகளில் அரிதன்று. டயரின் செய்தியும் அதுவே. 2012இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் மூவர் உயிரிழந்த பேருந்து விபத்தில், வெடித்த முன்டயருக்கு வயது பத்தொன்பதைக் கடந்திருந்தது. அன்றைய சட்டம் டயரின் வயதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பின்னர் 2021 பிப்ரவரி முதல், பத்தாண்டு கடந்த டயர்களைப் பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பயன்படுத்துவது அங்கே தடைசெய்யப்பட்டது. கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும் கார்களில் தேயாத டயர் ஓட்டுநருக்குப் பொய்யான நம்பிக்கை தருகிறது. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கத்தில் அச்சிடப்படும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது.

எரிபொருள் வழியில் இன்று புதிய நெருக்கடி ஒன்றும் சேர்ந்துள்ளது. இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் 2025ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு நடைமுறைக்கு வந்தபின், வெறும் பெட்ரோலை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட பழைய ஹோஸ்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வும் தங்களுக்குப் பழக்கமில்லாத கரைப்பானில் நனைகின்றன. இங்கே அசலுக்கு அசலான நகலை நாடுவது அறிவீனம். எத்தனாலைத் தாங்கும் ஃபுளோரோ ரப்பர் அசலில் இல்லாத பொருள் என்றாலும் அதையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

இனிக் குறைகளுக்கு வரலாம். சந்தையில் விற்கப்படுவது உறுப்பின் வடிவம். வண்டிக்கு வேண்டியது அதன் கலவை. அச்சு ஒன்று கிடைத்தால் எவரும் எந்தக் கலவையையும் ஊற்றி அதே வடிவத்தை வார்த்துவிடலாம். வாங்குபவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கலவை பிழைத்தால் என்னவாகும் என்பதற்கு சிட்ரோயன் டி.எஸ். காரின் வரலாறு சான்று. 1955இல் வெளிவந்த அக்காரில் தொங்கல் அமைப்பு, ஸ்டீயரிங், பிரேக் அனைத்தையும் ஒரே திரவ அழுத்தம் இயக்கியது. தொடக்கத்தில் நீரை உறிஞ்சும் திரவம் ஊற்றப்பட்டது. உள்ளே துரு ஏறும் குறையால் 1966இல் நிறுவனம் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறியது. அளவிலும் தோற்றத்திலும் ஒத்த சீல்கள்கூட இரு காலத்துக்கும் வெவ்வேறு ரப்பரால் செய்யப்படவேண்டியிருந்தன. ஒன்றுக்குரிய திரவத்தை மற்றொன்றில் ஊற்றினால் அமைப்பு முழுவதிலும் உள்ள சீல்கள் கெட்டுவிடும் என்பதால், புதிய அமைப்பின் பாகங்களுக்குப் பச்சை அடையாளம் இடப்பட்டது. அந்நிறுவனம் அன்று காட்டிய எச்சரிக்கையை இன்றைய உதிரிபாக உறைகளில் காண்பது அரிது. எந்த வண்டிக்கு என்று எழுதியிருக்கும், எந்த ரப்பர் என்று எழுதியிருக்காது.

முன்கண்ணாடி பொருத்தும் வேலையை அருகிருந்து பார்த்தால் கலவைப் பிழை கைக்கே தெரியும். கண்ணாடி ரப்பரின் குறுக்குவெட்டில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று கண்ணாடியின் விளிம்பைக் கவ்வும், மற்றது வண்டித் தகட்டின் விளிம்பைக் கவ்வும். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகட்டுக்குரிய பள்ளத்தில் ஒரு நூல்கயிற்றைச் சுற்றிலும் பதித்து, முனைகள் இரண்டையும் வண்டிக்குள் தொங்கவிடுவார்கள். சோப்புநீர் தடவிய பின் ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டி அழுத்த, உள்ளே அமர்ந்தவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வெளிவர வெளிவர ரப்பரின் உதடு ஒவ்வோர் அங்குலமாகத் தகட்டின் மேல் ஏறி அமரும். சரியான ரப்பரில் இவ்வேலை கால் மணி நேரத்தில் முடியும். கலவை இறுகியிருந்தால் உதடு ஏறாது. கயிறு ரப்பரை அறுக்கும், அல்லது மூலையில் கண்ணாடி கீச்சென்று விரியும். வார்த்த மூலைகளுக்குப் பதிலாக நீளவாக்கில் இழுத்த பட்டையை வெட்டி ஒட்டியிருந்தால், சில மாதங்களில் அது சுருங்கி மூலையில் இடைவெளி விழும். மழைநீர் அந்த இடைவெளி வழியே தகட்டின் மடிப்பில் தங்கி, எந்தத் துருவைத் தடுக்கப் புதிய ரப்பர் வாங்கப்பட்டதோ அதே துருவை வளர்க்கும். கதவு பீடிங்கிலும் இதே கதை. நுண்ணறைகள் நிறைந்த மெல்லிய பஞ்சுரப்பர் இருந்த இடத்தில் அடர்த்தியான ரப்பரைப் பொருத்தினால் கதவு முழுதாகச் சாத்தாமல் துருத்தி நிற்கும். அதைச் சரிசெய்யக் கீலை வளைப்பவர்கள், குற்றமில்லாத உறுப்பைத் தண்டிக்கிறார்கள்.

பிரிக்காத உறையில் கிடைக்கும் பழைய சரக்குக்கு ஆர்வலர்கள் கூடுதல் விலை கொடுப்பது மற்றொரு மயக்கம். விளக்குக்கும் குமிழுக்கும் அந்த மதிப்பு நியாயமே. ரப்பரைப் பொறுத்தவரை, அலமாரியில் கிடந்த காலமும் வயதுதான். ரப்பர்ப் பொருள்களைச் சேமித்து வைப்பது குறித்த ஐ.எஸ்.ஓ. 2230 தரநிலை, இருட்டும் குளிர்ச்சியும் கூடிய முறையான சேமிப்பிலும், இயற்கை ரப்பருக்கு 5 ஆண்டு, நைட்ரைலுக்கும் நியோப்ரீனுக்கும் 7 ஆண்டு, இ.பி.டி.எம்., சிலிக்கோன் போன்றவற்றுக்கு 10 ஆண்டு என்று தொடக்கக் காலவரம்பு வகுக்கிறது. அதன்பின் சோதித்துப் பார்த்தே காலத்தை நீட்டிக்கவேண்டும். தகரக் கூரைக் கடையில் முப்பது கோடையைக் கண்ட மாஸ்டர் சிலிண்டர் கிட் அசல் நிறுவனத்தின் முத்திரை தாங்கியிருப்பதால் மட்டும் அசலாகிவிடாது.

இவற்றோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று, ரப்பர் தனியே மூப்படைவதில்லை என்பது. சுழலும் தண்டின் மேல் ஆண்டுக்கணக்கில் உரசிய ஆயில் சீலின் உதடு அத்தண்டில் மெல்லிய வரிப்பள்ளத்தை உண்டாக்கியிருக்கும். புதிய சீல் அதே பள்ளத்தில் அமர்ந்தால் ஒழுக்கு நிற்காது. துரு அரித்துக் குழிவிழுந்த பிரேக் சிலிண்டருக்குள் புதிய ரப்பர்க் கப்பைப் போட்டால், அதன் உதடு சில நூறு மிதிகளில் கிழிந்துவிடும். கிட் வாங்கி மாற்றியும் பயனில்லை என்று புலம்புபவர்களில் பலர் பாதி வேலையையே செய்திருக்கிறார்கள்.

பாலியூரித்தேன் புஷ் பற்றிய விவாதம் தனியே எடைபோடத்தக்கது. ஆயிலையும் தேய்மானத்தையும் தாங்குவதிலும், கையால் அழுத்தியே பொருத்திவிடலாம் என்ற எளிமையிலும் இயற்கை ரப்பர் அதற்கு ஈடாகாது. ஆனால் இரண்டும் வேலைசெய்யும் விதம் வேறு. உலோகக் குழல்களோடு ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பர் புஷ்ஷில் எதுவும் உரசுவதில்லை. சக்கரத்தைத் தாங்கும் கை அசையும்போது ரப்பர் தனக்குள்ளேயே முறுகி மீள்கிறது, சாலையின் அதிர்வையும் தனக்குள்ளேயே விழுங்கிக்கொள்கிறது. பாலியூரித்தேன் முறுகுவதில்லை, வழுக்குகிறது. கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். பெரும்பாலும் ரப்பரைவிடக் கடினமானதால் தான் விழுங்காத அதிர்வை அடுத்திருக்கும் தகட்டுக்கும் போல்ட்டுக்கும் கடத்திவிடும். அறுபதாண்டுப் பழைய தகடு அந்தச் சுமைக்காக வடிவமைக்கப்பட்டதன்று. பந்தய வண்டிக்கு இது ஏற்றது; குடும்பத்தோடு மாலையில் உலாவரும் ஹெரால்டு, பத்மினி போன்ற இந்தியக் கார்களுக்கு இதைப் பரிந்துரைப்பதற்குப் போதிய காரணமில்லை. ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிந்துவிட்டது என்பதே பாலியூரித்தேனுக்கு மாறுபவர்கள் சொல்லும் காரணம். அவ்வாறு கிழிந்தவற்றுள் பல, ஜாக்கியில் தூக்கிய வண்டியில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முடுக்கியதால் கிழிந்தவை. வண்டியை இறக்கியதும் கை மேலேறி, நிற்கும் நிலையிலேயே ரப்பர் நிரந்தரமாக முறுகிக் கிடக்கும். வண்டி தன் எடையில் தரையில் நின்றபின் கடைசி முடுக்கு முடுக்கினால் அதே புஷ் பல மடங்கு உழைக்கும். குறை ரப்பரில் இல்லை, ஸ்பேனர் பிடித்த வேளையில் இருக்கிறது.

இந்திய வண்டிகளின் நிலை சீரானதன்று. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசடருக்கு, அவ்வளவு நீண்ட காலம் ஓடியதாலேயே, புஷ்ஷும் பீடிங்கும் இன்றும் சென்னை ஜி.பி. சாலையில் கேட்டால் கிடைக்கும். தரம்தான் கடைக்குக் கடை மாறும். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டின் நிலைமை வேறு. அந்தக் காரின் பெட்டி தனிச் சட்டத்தின் மேல் திண்டு போன்ற அணைகளை இடையில் வைத்து அமர்த்தப்படுவது. அவற்றின் தடிப்பு மாறினால் கதவு இடைவெளிகளும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட்டின் பொருத்தமும் மாறிவிடும். பிரிட்டனில் செய்யப்படும் மறுவார்ப்புகள் இதற்கு ஓரளவு உதவினாலும், இங்கே மட்டும் செய்யப்பட்ட நான்குகதவு வண்டியின் பீடிங்குக்கு அவை உதவுவதில்லை. ரப்பர் விளையும் கன்னியாகுமரியும் கேரளமும் அருகிலேயே இருக்க, சிறு அளவில் வார்த்துத் தரும் பட்டறைகளும் நிறைந்திருக்க, கலவையை எழுதித்தந்து செய்யச்சொல்லும் வாடிக்கையாளர் இல்லாததே இங்குள்ள தடை. கடினத்தை அளக்கும் ஷோர் அளவி விலை மிகுந்த கருவியன்று. ஓர் ஓரத்துண்டை உரிய திரவத்தில் சில நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் தடிப்பை அளந்து பார்ப்பதற்குத் தனிக் கருவியே தேவையில்லை.

அந்தக் கலவை எது என்று எழுதித்தர ஆவணம் இல்லாதபோது எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் கழற்றிய பழைய உறுப்புதான். மெல்போர்ன் பாலத்து அணைகளைப்போலவே, மேலே வெடித்து இறுகிய தடித்த மவுண்டிங்கையும் குறுக்கே வெட்டினால், நடுவே உள்ள ரப்பர் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் கடினத்தை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கக்கூடும். அது எவ்வகை ரப்பர் என்பதையும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையால் ஓர் ஆய்வகம் சொல்லிவிடும். ஆகவே பழைய கார்களைப் பராமரிப்பவர்கள், புதிய உறுப்பு பொருந்திவிட்ட மகிழ்ச்சியில் பழையதைக் காயலான் கடைக்குப் போடும் மூட்டையில் சேர்க்காமல், எந்த வண்டியில் எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் கழற்றப்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, வெயில்படாத இடத்தில் எடுத்துவைக்க வேண்டும்.